கொள்ளைக்காரரா? மீனவரா? நடுக்கடலில் வெடித்த துப்பாக்கி, தீராத கேள்வி!

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணம் வந்ததும் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருப்பது இல்லை.

சாலையை அடுத்துப் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வாரிக் குவித்த உப்பு, வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். அதற்குக் கிழக்கே கடல். கடலை ஒட்டி மீனவர் குப்பங்கள்.

ஒரே கடல்தான் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறது. உப்பளத் தொழிலாளிக்கு மழை என்றால் பயம். விளைந்த உப்பு ஒரே ராத்திரியில் கரைந்து போகும். மீனவருக்குப் புயல் என்றால் பயம்.

"பார்த்துப் போயிட்டு வாங்க" என்று வாசலில் நின்று சொல்லும் மனைவிக்குக் காற்றும் அலையும்தான் கவலை.

2012-ம் ஆண்டு அந்தக் கவலையோடு இன்னொரு கவலையும் சேர்ந்தது. பெரிய கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு, மீன் பிடிக்கும் படகு கொள்ளைக்காரன் படகாகத் தெரிந்துவிட்டால்?

அப்படித்தான் நடந்தது. நடந்த இடம் மரக்காணம் கடல் அல்ல. மேற்கே, கேரளத்துக்கு அப்பால், அரபிக்கடல். ஆனால் செத்த இரண்டு பேரில் ஒருவர், நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்!

மாலை 4½ மணி

2012-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி. மாலை சுமார் 4½ மணி.

"செயின்ட் ஆன்டனி" என்பது மீன்பிடி விசைப்படகு. தமிழ்நாட்டில் பதிவான படகு. அது கொல்லம் பக்கம் கடலில், கரையில் இருந்து 20½ கடல் மைல் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நம் கணக்கில் சுமார் 38 கிலோ மீட்டர்.

மீன் பிடித்த களைப்பு. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் படுத்து உறங்கினார்கள். ஒருவர் படகைச் செலுத்திக்கொண்டிருந்தார். அவர் கொல்லத்தைச் சேர்ந்த குடும்பஸ்தர். தமிழ்நாட்டு இளைஞர் படகின் முன்பக்கம் இருந்தார்.

எதிரே "என்ரிகா லெக்சி" என்ற எண்ணெய்க் கப்பல். இத்தாலி நாட்டுக் கொடி பறந்தது. கப்பலில் வேலை பார்த்தவர்களில் பலர் இந்தியர்களே.

அந்தக் கப்பலில் 6 கடற்படைச் சிப்பாய்களும் இருந்தார்கள். கடற்கொள்ளைக்காரர்களிடம் இருந்து கப்பலைக் காப்பாற்றுவது அவர்கள் வேலை.

திடீர் என்று துப்பாக்கி வெடித்தது!

படகைச் செலுத்தியவர் சாய்ந்தார். முன்பக்கம் இருந்த இளைஞரும் விழுந்தார். இருவர் உயிரும் போய்விட்டது.

உறங்கியவர்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். படகைத் திருப்பினார்கள். இரண்டு பிணங்களோடு படகு கரைக்கு வந்தது.

கப்பல், கொச்சிக்கு வரவழைக்கப்பட்டது. பிப்ரவரி 19-ந் தேதி, மாசிமிலியானோ லத்தோரே, சால்வத்தோரே ஜிரோனே என்ற இரண்டு சிப்பாய்களைக் கேரளப் போலீசார் கைது செய்தார்கள்.

இரண்டு கதைகள்

சிப்பாய்கள் தரப்பு சொன்னது இது:

"படகு கப்பலை நோக்கி நேராக வந்தது. விளக்கைக் காட்டினோம். துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினோம். அப்படியும் விலகவில்லை. எச்சரிக்கையாகத் தண்ணீரில் சுட்டோம். கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தோம்."

படகில் இருந்தவர்கள் சொன்னது வேறு:

"யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. எங்களிடம் ஆயுதமும் இல்லை. நாங்கள் மீன் பிடிக்கப் போனவர்கள்."

யார் சொல்வது உண்மை? அதைக் கண்டுபிடிக்கத்தான் கோர்ட்டுகள் இருக்கின்றன.

ஆனால் கோர்ட்டு கூடுவதற்கு முன்பே, தெரு கூடிவிட்டது!

பயம் எங்கிருந்து வந்தது?

சிப்பாய்களின் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் சோமாலியா நாட்டுக் கொள்ளைக்காரர்கள் கப்பல்களைக் கடத்தினார்கள். சிறிய படகுகளில் வேகமாக வருவார்கள். ஏணி வைத்துக் கப்பலில் ஏறுவார்கள். மாலுமிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடி கோடியாகப் பணம் கேட்பார்கள். இந்திய மாலுமிகள் பலரும் அவர்களிடம் சிக்கித் தவித்தார்கள்.

இதனால் கப்பல் கம்பெனிகளின் சங்கங்கள் கடல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டன. அந்தக் கோட்டுக்குள் போகும் கப்பல்கள் உஷாராக இருக்க வேண்டும். 2010-ம் ஆண்டு அந்தக் கோட்டைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேரளக் கடற்கரை முழுவதும் அதற்குள் வந்துவிட்டது!

2011-ம் ஆண்டு, வணிகக் கப்பல்களில் கடற்படைச் சிப்பாய்களை ஏற்றி அனுப்ப இத்தாலி சட்டம் செய்தது.

இதன் பலன் என்ன? கப்பலில் நிற்பவனுக்கு, அது கொள்ளைக்காரர் கடல். படகில் இருப்பவனுக்கோ, அது அப்பன் பாட்டன் காலம் முதல் மீன் பிடித்த கடல். ஒரே இடத்துக்கு இரண்டு வரைபடம்!

சட்டம் என்ன சொல்கிறது?

தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எதிரியைத் தாக்கலாமா? தாக்கலாம். நம் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை உள்ள பிரிவுகள் அதைச் சொல்லின. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. இதைத் தற்காப்பு உரிமை என்பார்கள்.

எளிதாகப் புரிய ஓர் உதாரணம் பார்க்கலாம்.

மரக்காணம் உப்பளத்தில் ஒரு காவல்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல இருட்டு. ஓர் ஆள் வேகமாக அவரை நோக்கி வருகிறான். கையில் நீளமாக ஏதோ இருக்கிறது. காவல்காரர் பயந்து தடியால் அடித்துவிடுகிறார். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால், விழுந்து கிடப்பவர் பக்கத்துக் குப்பத்து மீனவர். கையில் இருந்தது துடுப்பு!

காவல்காரர் குற்றவாளியா? கோர்ட்டு சில கேள்விகளைக் கேட்கும்.

அந்த நேரத்தில், அந்த இடத்தில், சாதாரண மனிதர் எவருக்கும் அந்தப் பயம் வந்திருக்குமா?

போலீசையோ மற்றவர்களையோ உதவிக்குக் கூப்பிட நேரம் இருந்ததா?

ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் அடித்தாரா? ஆபத்து நீங்கிய பிறகும் அடித்தாரா?

உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமான பயம் இருந்தால், எதிரியின் உயிரைப் போக்கினாலும் சட்டம் மன்னிக்கும். பெண்ணின் மானத்துக்கு ஆபத்து வந்தாலும் அப்படியே. பதறும் நேரத்தில் செய்ததைப் பொன் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்றும் நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

அதே 2012-ம் ஆண்டில், மதுரையில் ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் தன் கணவனை அடித்துக் கொன்றார். பெற்ற மகளிடமே அவன் முறைகேடாக நடக்க முயன்றதுதான் காரணம். அப்போது போலீஸ் சூப்பிரண்டாக இருந்த அஸ்ரா கார்க், தற்காப்புப் பிரிவின்படி அந்தத் தாயை விடுவித்தார். யார் தாக்க வந்தவர், யார் தடுத்தவர் என்பது அங்கே தெளிவாக இருந்தது.

கடலில் நடந்தது அப்படி அல்ல. தாக்க வந்ததாக நினைக்கப்பட்டவர்கள், தாக்க வந்தவர்களே அல்ல. அப்படியானால் சிப்பாய்களின் பயம் நியாயமான பயமா? அவசரப் பயமா? கேள்வி இதுதான்.

தெருவில் நடந்த வழக்கு

கேரளத்தில் கொதிப்பு எழுந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் ஆத்திரம் மூண்டது. "தூங்கியவர்களைச் சுட்ட கொலைகாரர்கள்" என்று மக்கள் பேசினார்கள்.

மார்ச் மாதம் கேரளத்தில் பிறவம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அரசியல் மேடைகளிலும் இந்த வழக்கு ஏறிவிட்டது.

கடலுக்கு அப்பால், இத்தாலியில் நேர் மாறான தீர்ப்பு! "கடமையைச் செய்த நம் பிள்ளைகளை அன்னிய நாட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று அங்கே குமுறினார்கள். ஊர் ஊராகச் சிப்பாய்களின் படத்தோடு விளம்பரத் துணிகள் தொங்கின.

2012-ம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் கார் பந்தயம் நடந்தது. அதில் ஓடிய பெராரி கம்பெனிக் கார்களில் இத்தாலியக் கடற்படையின் சின்னம் ஒட்டப்பட்டிருந்தது!

இங்கே கொலைகாரர்கள், அங்கே வீரர்கள். இரண்டு ஊரிலும் சாட்சியைக் கூப்பிடவில்லை. குறுக்கு விசாரணை இல்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் தயார்!

தூதருக்கும் தடை

2012-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், இறந்த இருவர் குடும்பத்துக்கும் தலா 1 கோடி ரூபாய் கொடுக்க இத்தாலி முன்வந்தது. குடும்பத்தார் சமாதானத்துக்குச் சம்மதித்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு இந்த உடன்பாட்டைக் கண்டித்தது.

சிலர் அந்தக் குடும்பங்களையே குறை சொன்னார்கள். "உயிருக்கு விலை வாங்கிவிட்டார்கள்" என்றார்கள். சம்பாதிக்கும் கை போய்விட்ட வீட்டில் மறுநாள் அடுப்பு எரிவது எப்படி என்று, பேசியவர்கள் யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஊர் போய்வர, சிப்பாய்களுக்குக் கேரள ஐகோர்ட்டு அனுமதி கொடுத்தது. அவர்கள் போனார்கள்; சொன்னபடி திரும்பி வந்தார்கள்.

2013-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. சம்பவம் நடந்த இடம் 12 கடல் மைல் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே இதை விசாரிக்கக் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை. மத்திய அரசு தனிக் கோர்ட்டு அமைக்க வேண்டும் என்று சொல்லியது.

அடுத்த மாதம், இத்தாலித் தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காகச் சிப்பாய்களுக்கு 4 வாரம் அனுமதி கிடைத்தது. இந்தத் தடவை, "அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம்" என்று மார்ச் 11-ந் தேதி இத்தாலி அறிவித்தது.

டெல்லியில் பெரும் பரபரப்பு. சிப்பாய்கள் திரும்பி வருவார்கள் என்று உறுதி கொடுத்தவர் இத்தாலித் தூதர் டேனியேலே மன்சினி. "தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது" என்று சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. ஒரு நாட்டின் தூதருக்கே தடை!

மார்ச் 22-ந் தேதி சிப்பாய்கள் திரும்பி வந்தார்கள். அவர்களை அனுப்பியதை எதிர்த்து, இத்தாலி வெளிநாட்டு மந்திரி ஜூலியோ தெர்சி மார்ச் 26-ந் தேதி ராஜினாமா செய்தார்.

ஓடிய ஆண்டுகள்

பிறகு வழக்கு நகரவே இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பது என்பதிலேயே மாதங்கள் கழிந்தன.

சிப்பாய்கள் டெல்லியில் இத்தாலித் தூதரகத்தில் தங்கி இருந்தார்கள். சிறை அல்ல, வீடும் அல்ல. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லத்தோரே மூளையில் ரத்தக் குழாய் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சிகிச்சைக்காக அவரை ஊருக்கு அனுப்பினார்கள். ஜிரோனே தனியாக இருந்தார். 2016-ம் ஆண்டு மே மாதம்தான் அவர் ஊர் திரும்பினார். சுட்டபோது அவர் நினைத்துக்கூடப் பார்த்திராத 4 ஆண்டுகள்!

அதற்குள் இத்தாலி சர்வதேசக் கோர்ட்டுகளுக்குப் போய்விட்டது. இரு நாடுகளும் வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் உள்ள கடல் சட்டக் கோர்ட்டு 2015-ம் ஆண்டு உத்தரவிட்டது. பின்பு நெதர்லாந்து நாட்டில் ஹேக் நகரில் நடுவர் மன்றம் விசாரித்தது.

2020-ம் ஆண்டு மே 21-ந் தேதி அதன் முடிவு வந்தது. அரசாங்க வேலையாக வந்த சிப்பாய்கள் ஆகையால், அவர்களை விசாரிக்க இந்தியக் கோர்ட்டுகளுக்கு அதிகாரம் இல்லை என்று மன்றம் கூறியது. ஆனால் படகு தன் வழியில் போகும் உரிமையை இத்தாலி மீறிவிட்டது. ஆகவே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் கூறியது.

10 கோடி ரூபாய் என்று முடிவாயிற்று. இறந்த இருவரின் வாரிசுகளுக்குத் தலா 4 கோடி. படகு உரிமையாளருக்கு 2 கோடி. முன்பு கொடுத்த பணம் இதில் சேராது. 2021-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு இந்தியாவில் இருந்த வழக்கை முடித்து வைத்தது.

இத்தாலியில் விசாரணை நடக்கும் என்றார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரி மாதம், ரோம் நகர நீதிபதி அங்கிருந்த வழக்கையும் முடித்துவிட்டார். விசாரணை நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று அரசுத் தரப்பே கூறியிருந்தது.

மறந்து போனவர்கள்

இந்தக் கதையில் எல்லாரும் மறந்துபோன சிலர் உண்டு. குண்டு படாமல் தப்பிய மற்ற மீனவர்கள்!

இரண்டு தோழர்கள் செத்து விழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். பிணங்களோடு கரைவரை வந்தவர்கள் அவர்கள். நஷ்டஈட்டுக் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. "எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம், படகு உரிமையாளருக்கு ஒதுக்கிய 2 கோடியில் இருந்து 9 மீனவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று.

படகில் ஒரு சிறுவனும் இருந்தான் என்று பின்னர் தெரியவந்தது. சில ஆண்டுகள் கழித்து அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அன்று கடலில் கண்ட காட்சிதான் அவன் மனதை அரித்துவிட்டது என்று அவனுடைய தாயார் முறையிட்டார்.

குண்டு பட்டவர்கள் இரண்டு பேர்தான். அடிபட்டவர்கள் எத்தனை பேர்!

தீராத கேள்வி

அதே 2012-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி, துபாய் பக்கம் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அருகில் இன்னொரு சம்பவம் நடந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் இருந்து ஒரு மீன்பிடி படகைச் சுட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார். 3 பேர் காயம் அடைந்தனர். "எச்சரித்தோம்" என்றது கப்பல். "எச்சரிக்கவில்லை" என்றது படகு. அதே பேச்சு, அதே மறுப்பு!

சில மாறுதல்களும் வந்தன. கேரளக் கடற்கரையை மூடியிருந்த அந்த அபாயக் கோட்டை 2015-ம் ஆண்டு டிசம்பரில் மேற்கே தள்ளினார்கள். 2023-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். நம் மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கும் கருவிகளும் பொருத்தப்படுகின்றன.

ஆனால் அந்த முதல் கேள்வி? அன்று மாலை 4½ மணிக்கு, அந்தப் பயம் நியாயமான பயமா?

கொல்லத்துத் தெரு, "இல்லை" என்றது. ரோமாபுரித் தெரு, "ஆம்" என்றது. யாருக்கு அதிகாரம் என்று 9 ஆண்டு வாதாடிய கோர்ட்டுகள், இந்தக் கேள்விக்குள் நுழையவே இல்லை. படகில் இருந்தவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, "இப்படித்தான் நடந்தது" என்று சொல்ல ஒரு நாள் கிடைக்கவில்லை. சுட்டவர்கள், "இதனால்தான் சுட்டோம்" என்று சொல்லித் தங்கள் பெயரைத் துடைத்துக்கொள்ளவும் ஒரு நாள் கிடைக்கவில்லை.

பணம் வந்தது, வேண்டியதுதான். பிள்ளைகள் படிக்க, கடன் அடைக்க, கூரை போட அது உதவும். ஆனால் "என் வீட்டுக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை" என்று ஒரு நீதிபதி வாயால் கேட்க நினைத்த மனைவிக்கு, அதைப் பணம் சொல்லாது.

மரக்காணத்தில் பொழுது சாய்கிறது. உப்பளத்துக்காரர்கள் மண்ணெடுத்த கைகளைக் கழுவிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். குப்பத்தில் இருந்து படகுகள் மறுபடியும் கடலுக்குக் கிளம்புகின்றன. தூரத்தில் ஒரு பெரிய கப்பலின் விளக்கு தெரிகிறது.

கரையில் நிற்கும் மனைவி அந்த விளக்கையும் பார்க்கிறாள்; படகின் சின்ன விளக்கையும் பார்க்கிறாள்.

"பார்த்துப் போயிட்டு வாங்க" என்கிறாள்.

அந்தப் பெரிய விளக்குக்குக் கீழே நிற்பவனும், கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்!